நன்கொடைக்கு முன்னால்: கப்பலூரில் ரப்பர் பட்டறை நடத்திக் கற்றவை

மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் எஸ்டேட்டில் ரசீது புத்தகங்கள் வர ஆரம்பிக்கும். கோயில் திருவிழா, கபடிப் போட்டி, பள்ளி ஆண்டு விழா, அன்னதானம். மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கம்பெனி நடத்தும் யாருக்கும் இது புதிதல்ல. ஆயிரமோ இரண்டாயிரமோ எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு தொழிலுக்கு ஊரிடம் உள்ள பொறுப்பு அந்த ரசீதில் தொடங்குவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். நம் தொழில் ஊருக்கு என்ன செலவு வைக்கிறது, அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் அது தொடங்குகிறது. புகை, தூசி, சாக்கடைத் தண்ணீர், லாரிகள் உடைக்கும் சாலை, தள்ளிப்போகும் சம்பளம், இழுத்தடிக்கப்படும் பில். இவற்றை அப்படியே விட்டுவிட்டுக் கொடுக்கிற நன்கொடை, ஊரிடமிருந்து எடுத்ததில் கொஞ்சத்தை ஊருக்கே திருப்பித் தருவதாகத்தான் ஆகும்.

நான் நடத்துவது சின்ன ரப்பர் மோல்டிங் யூனிட். வண்டிகளுக்கும் பம்புகளுக்கும் வேண்டிய புஷ், வாஷர், கேஸ்கெட் மாதிரியான பொருள்கள் செய்கிறோம். மதுரையைச் சுற்றி ரப்பர் தொழில் பல காலமாக இருக்கிறது. எங்கள் எஸ்டேட்டிலேயே இதே வேலை செய்யும் யூனிட்டுகள் இன்னும் பல உண்டு. இங்கே எழுதுவது எல்லாம் அந்த இடத்தில் பார்த்ததும் செய்து பார்த்ததும். வேறு தொழில் செய்பவர்கள் தங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கரி.

ரப்பர் இயல்பிலேயே கறுப்பு இல்லை. இயற்கை ரப்பர் ஷீட் தேன் நிறத்தில் இருக்கும். தேயாமல் உழைக்க வேண்டும் என்பதற்காக அதில் கார்பன் பிளாக் சேர்க்கிறோம். எங்கள் பேச்சில் அது வெறும் 'கரி'. மிக்ஸிங் மில்லில் இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பரை ஓடவிட்டு மேலிருந்து கரியைக் கொட்டும்போது ஒரு தூசி எழும். மாவை விட மெல்லிசு. கையில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் முழுக்கப் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் கார்பன் பிளாக்கை வைத்திருக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது இந்தத் தூசி காம்பவுண்டுச் சுவரோடு நிற்காது.

பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா ஒருநாள் கம்பெனி வாசலுக்கே வந்தார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. "சார், காலையில துவைச்சுக் கொடியில போட்டா சாயங்காலம் சாம்பல் கலர்ல எடுக்க வேண்டியிருக்கு. நாளைக்குப் பிள்ளை எதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா? சொல்லுங்க" என்றார். அவர் சண்டை போட வரவில்லை. பதில் தெரிந்துகொள்ள வந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் எஸ்டேட்டில் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 'இத்தனை கம்பெனி இருக்கே, யாரோட கரின்னு யாருக்குத் தெரியும்?' காற்றில் கலந்த பிறகு பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம் வாசலைத் தாண்டிப் போகிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. நாங்கள் காம்பவுண்டின் நான்கு பக்கமும் வெள்ளைத் துணி கட்டினோம். மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, ஓடும் நாளில் ஒரு தடவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தூசி உள்ள எந்தத் தொழிலுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். மர ஆலை, மாவு மில், கிரானைட் பாலிஷ் என்று எதுவாக இருந்தாலும் சரி.

அப்புறம் செய்தவை இவை. கலவை போடும் வேலையையே நிறுத்திவிட்டு, மூடிய எந்திரத்தில் கலந்து தூசி பிடிக்கும் பை வடிகட்டியும் வைத்திருக்கும் இடத்திலிருந்து கலந்த ரப்பரை ஷீட்டாகவே வாங்கத் தொடங்கினோம். கிலோவுக்கு விலை கூடத்தான். ஆனால் பறந்துபோகும் கரியும் காசு கொடுத்து வாங்கியதுதானே. மில் மோட்டார் இழுக்கும் மின்சாரம், மாஸ்க், சோப்பு, கலவை சரியில்லாமல் கழித்துப்போட்ட பொருள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தாங்கக்கூடியதாகவே இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கலவை போட்டே ஆக வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் தூளுக்குப் பதிலாகக் குருணையாக வரும் கார்பனை வாங்கலாம். மில்லுக்கு மேலே உறிஞ்சு குழாய் வைக்கலாம். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதைக் கட்டாயம் நிறுத்தலாம், தூசியில் பாதி அந்தப் பெருக்கலில்தான் திரும்பவும் எழுகிறது. யாரும் கவனிக்காத இன்னொன்று, காலிச் சாக்குகள். பழைய சாக்கு வியாபாரிக்குப் போட்டால், அவர் அதை எங்கே வைத்து உதறுகிறாரோ அந்தத் தெரு கறுக்கும். சப்ளை செய்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிட்டோம்.

கரியை விட மோசமானது பிசிறு. அச்சிலிருந்து பொருளை எடுத்ததும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி எறிவோம். அது தினமும் கூடை கூடையாகச் சேரும். வெந்த ரப்பரைத் திரும்ப உருக்க முடியாது என்பதால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்து ராத்திரியில் கொளுத்திவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் இருந்தது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. எரித்தால் கந்தக டை ஆக்சைடு வரும், கரும்புகை வரும், மூச்சு முட்டும். ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு அந்த ராத்திரி எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பிசிறுக்கு விலை உண்டு. வெந்த ரப்பரை மறுபடி பயன்படும்படி மாற்றும் ரீக்ளெய்ம் ரப்பர் ஆலைகள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: வகை பிரித்துத் தர வேண்டும். இயற்கை ரப்பர் தனி, செயற்கை ரப்பரில் நைட்ரைல் தனி, இ.பி.டி.எம். தனி. எல்லாம் ஒரே கறுப்பாக இருப்பதால் ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, கலந்த சரக்கை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் பிரிக்கிற வேலை, ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனி நிறத்தில் ஒரு டிரம் வைத்தோம். ஒரு யூனிட்டின் சரக்கு லாரி நிறையாது, அதனால் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரே நாளில் அனுப்புகிறோம். கூட்டாகச் செய்தால் மட்டுமே நடக்கிற காரியம் இது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'சமூகப் பொறுப்பு' என்று கூட்டம் போட்டுப் பேசும் இடங்களில் கரியையும் பிசிறையும் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளிக்குப் பெஞ்சு, மரக்கன்று, மருத்துவ முகாம் இவைதான் வருகின்றன. பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டால் அவர் முதலில் சொல்வது கரியைத்தான்.

இரண்டாவது, நம்மிடம் வேலை செய்பவர்களும் நமக்குப் பொருள் தருபவர்களும். அவர்களும் ஊர்தான். எங்கள் யூனிட்டில் பிசிறு வெட்டுவது பெரும்பாலும் பெண்கள். வில்லூரிலிருந்தும் திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப். என்று சட்டம் சொல்கிறது. ஆள் கணக்கை 9 என்றும் 19 என்றும் நிறுத்திவைப்பதற்காகக் கான்ட்ராக்ட் பெயரில் ஆள்களைப் பிரித்துக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி மிச்சம் பிடித்த பணத்தில் அன்னதானம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகும்போது இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அது எத்தனை வேளைச் சாப்பாட்டுக்குச் சமம் என்பது அவர் வீட்டுக்குத் தெரியும்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தீபாவளி நேரத்தில் மதுரை மாசி வீதிகளில் உள்ள ஜவுளிக் கடைகளுக்குப் போகிறவர்கள், விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். ஸ்டூல் வாங்கிப் போடுவது பெரிய செலவே இல்லை. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்க மாட்டார் என்ற நிலையை உண்டாக்குவதுதான் முதலாளியின் வேலை.

பில் பணம் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. எங்களிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று, சமூகப் பணிக்காகப் பல ஊர்களில் நல்ல காரியங்கள் செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை, சிலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். அதே கம்பெனி எங்கள் பில்லுக்கு நாலு மாதம் கழித்துத்தான் பணம் அனுப்பும். அந்த நாலு மாதமும் எங்களிடம் அச்சு வெட்டித் தரும் லேத் பட்டறைக்காரர் காத்திருக்கிறார். அவரிடம் வேலை பார்க்கும் பையன் காத்திருக்கிறான். அவன் வீட்டு வாடகையும் காத்திருக்கிறது. மேலே ஒரு கையெழுத்து தாமதமானால் கீழே நாலு வீட்டில் கந்துவட்டிக்குப் பணம் வாங்குகிறார்கள். மதுரைப் பக்கம் கந்துவட்டி என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஒரே பெரிய பார்ட்டியை நம்பி இருக்கும் சின்ன யூனிட் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அதனால் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். எங்களுக்கு மேலே இருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும், எங்களுக்குக் கீழே உள்ள லேத் பட்டறைக்கும், அட்டைப்பெட்டி போடுபவருக்கும், டீக்கடைக்கும் 15 நாளுக்குள் பணம் போய்விட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இதற்காக வங்கிக் கடன் வரம்பை கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, வட்டி எங்கள் செலவு. இன்னொன்றும் செய்தோம். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்ததற்கான உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் பெரிதாக அச்சிட்டோம். அந்த எண் இருந்தால் 45 நாள் கெடு கண்ணில் படும், வாங்குபவரின் ஆடிட்டர் ஆண்டு முடிவில் கேள்வி கேட்பார். சண்டை போடாமல் கொஞ்சம் பணம் சீக்கிரம் வந்தது. பெரிய நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆண்டறிக்கையில் சமூகப் பணிக்கு ஒதுக்கிய பக்கத்தைப் பார்க்கும் அதே நாளில், சிறு சப்ளையர்களுக்குப் பாக்கி எவ்வளவு நாளாக நிற்கிறது என்ற பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் நன்கொடை.

தென் மாவட்டத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. விருதுநகரில் வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைச் சரக்குக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீடுகளில் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்திலும் அரிசியிலும் 1889-இல் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. லாபம் வந்தால் கொடுப்போம் என்று அவர்கள் வைக்கவில்லை. சரக்கு நகரும்போதே எடுத்துவிட்டார்கள். பெரிய முதலாளிகளும் இங்கே செய்திருக்கிறார்கள். மில் நடத்திய கருமுத்து தியாகராஜன் செட்டியார் மதுரையில் 1949-இல் கலைக் கல்லூரியும் 1957-இல் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். ஆனால் அந்த அளவு நம்மால் முடியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு மகமைதான் சரியான வழி. தனி ஆள் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் மூட்டைக் கணக்கில் சேரும்.

எங்கள் எஸ்டேட்டில் சில கம்பெனிகள் சேர்ந்து அதையே இன்றைய காலத்துக்கு மாற்றிப் பார்த்தோம். விற்றுமுதலில் இவ்வளவு என்று சொன்னால் யாரும் உண்மைக் கணக்கைக் காட்டத் தயங்குவார்கள். ஆளுக்கு ஒரே தொகை என்றால் சின்னவருக்குப் பாரம். ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: "அண்ணே, கரண்ட் பில்லை வச்சுக் கணக்குப் போடுவோம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்." எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வேலை அதிகம் ஓடும் மாதம் பில் கூடும், பங்கும் கூடும். வேலை இல்லாத மாதம் தானாகக் குறையும், யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. பெயர்ப்பலகை கிடையாது. தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மாதம் ஒரு முறை வங்கி ஸ்டேட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். இப்படிச் செய்ய நினைப்பவர்கள் முதலிலேயே சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்துகொள்வது நல்லது. யாருடைய சொந்தக் கணக்கிலும் பொதுப்பணம் போகக் கூடாது. வெளியே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து வரிச்சலுகை கேட்பதாக இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை கிடையாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

பணம் கொஞ்சம் சேர்ந்ததும் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது. ஒருவர் ஸ்மார்ட் போர்டு என்றார், ஒருவர் நுழைவாயில் வளைவு என்றார். தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டோம். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "போர்டு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு சார். பொண்ணுங்க கழிப்பறையில தண்ணி வரல. மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்குதுங்க." கொடுக்க வந்தவர்களிடம் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் அது. உதவி செய்யப் போகிறவர்கள் இந்தத் தயக்கத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். தலைமை ஆசிரியரோடு நிறுத்தாமல், கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேளுங்கள். அதில் பெரும்பாலும் பெற்றோர்கள்தான், அதிலும் அம்மாக்கள் அதிகம். தேவையைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் ஆசிரியர் மாறிப் போனாலும் வேலை நிற்காது.

தண்ணீர் வராததற்குக் காரணம் பணத் தட்டுப்பாடு அல்ல. மோட்டார் இருந்தது, எரிந்து போயிருந்தது. போர்வெல்லில் தண்ணீர் இறங்கியபோதும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புது மோட்டார் போட்டால் அதுவும் அடுத்த கோடையில் எரிந்திருக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிறுத்தும் ரிலேயையும் தானியங்கி ஸ்டார்ட்டரையும் வைத்தார். ஃபிட்டர், உடைந்த பிளாஸ்டிக் குழாய்களை எடுத்துவிட்டு அழுத்தினால் வந்து தானே நிற்கும் பித்தளைக் குழாய்களை மாட்டினார். மேல்தொட்டிக்கு மூடி இல்லை, வெல்டிங் பட்டறையில் ஒன்று செய்து போட்டார்கள். இப்போது மாதம் ஒருமுறை எஸ்டேட்டிலிருந்து ஒரு ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ அரை நாள் பள்ளிக்குப் போகிறார். யார் எந்த மாதம் என்று அட்டவணை இருக்கிறது. அந்த அரை நாளுக்கு அவருடைய கம்பெனி முழுச் சம்பளம் கொடுக்கிறது. தொழிலாளியின் சொந்த நேரத்தில் சேவை செய்யச் சொல்லிவிட்டுப் பெயரை முதலாளி எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

எங்களால் கொடுக்க முடிந்ததிலேயே உருப்படியானது இந்த அரை நாள்தான் என்று நினைக்கிறேன். பணம் யாரும் கொடுக்கலாம். பழுதைப் பார்த்த உடனே காரணம் கண்டுபிடிக்கும் கை, தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. ஹோட்டல்காரரிடம் சத்துணவு சமைப்பவர்களுக்குச் சொல்லித் தர ஏதாவது இருக்கும். அச்சகத்தாரிடம் இருக்கும், கணக்கர் அலுவலகத்தில் இருக்கும். தன் தொழிலில் தனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதிலிருந்து கொடுப்பது நீடிக்கும்.

பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். பதினாலு வயதுப் பெண்ணைக் கழிப்பறை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்து நோட்டீஸ் அடிப்பது எனக்குத் தாங்கவில்லை. கணக்குக்கு வேண்டுமென்றால் குழாயைப் படம் எடுக்கலாம்.

கண்மாய் விஷயம் வேறு மாதிரி. நல்ல மனசோடு மட்டும் போனால் கண்மாயைக் கெடுத்துவிட்டு வருவோம். ஜே.சி.பி. கொண்டுபோய் நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டால் பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. களிமண் படுகையை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்கவும் நிற்காது. பல கண்மாய்களில் சிக்கல் உள்ளே இல்லை, வரத்துக்கால்வாயில். எங்கேயோ இரண்டு கிலோமீட்டர் மேலே யாரோ தார்ச்சாலை போட்டபோது குழாயைச் சின்னதாக வைத்திருப்பார்கள், அல்லது ஒரு காம்பவுண்டுச் சுவர் குறுக்கே நிற்கும். அதனால் முதலில் மழைக்குப் பின் கால்வாயோடு நடக்க வேண்டும், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. அப்புறம் மடை, மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு, கரை. தூர் கடைசி. அனுமதியும் வேண்டும்: ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். வெட்டும் வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துப்போக முறைப்படி வழி இருக்கிறது, அதை வெளியே விற்கும் பேச்சு வந்தால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை விவசாயிகளை வயலகம் என்ற சங்கங்களாகச் சேர்த்துக் கண்மாய் வேலை செய்து வருகிறது. அனுபவம் உள்ளவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நாம் பின்னால் நிற்பது இதில் மரியாதையான முடிவு. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்காக ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு போட்டு வேலையை எடுத்துச் செய்ய வழியுண்டு. எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு அது பெரிய பலம்.

பெரிய கம்பெனிகளின் சட்டப்படியான சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியைப் பற்றி, பள்ளி நடத்துகிறவர்களும் தொண்டு நிறுவனத்தாரும் என்னிடம் கேட்பதுண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு இதில் சேராது. தான் இயங்கும் பகுதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியிடம் போய்க் கேட்பது பிச்சை இல்லை, தைரியமாகக் கேளுங்கள். தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில், எந்தத் துறைக்குச் செலவிட்டது என்று பார்க்கலாம். பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மனு எழுதும்போது என்ன வாங்க வேண்டும் என்பதோடு, அடுத்த மூன்று ஆண்டுக்கு யார் பராமரிப்பார், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதுங்கள். அந்த விவரம் உள்ள மனு மேலே போகும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டமும் இருக்கிறது.

இந்தச் சட்டம் எங்களைப் போன்ற சிறிய யூனிட்டுகளுக்குப் பொருந்தாது. அதனால் எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்றாகிவிடாது. அந்த 2 சதவீதத்தை முடித்துவிட்ட பெரிய கம்பெனிக்கும் மீதி 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தது என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மருத்துவர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது அறக்கட்டளைதான், ஆனால் நடக்கிற விதத்தைப் பாருங்கள். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவதில், கட்ட முடியாதவர்களுக்கும் அதே அறுவை சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாது என்று கண்டதும், 1992-இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே குறைந்த விலையில் செய்தார்கள். மிஞ்சியதிலிருந்து எடுத்துக் கொடுத்த கதை இல்லை இது. வேலை செய்யும் முறைக்குள்ளேயே ஊர் இருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது ஓடும் பேச்சு லாரிகளைப் பற்றி. காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் பிள்ளைகள் சைக்கிளில் போகும் அதே ஊர்ச் சாலையில்தான் சரக்கு லாரிகளும் வருகின்றன. அந்த நேரங்களில் லாரி உள்ளே வரக் கூடாது என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுவதாக ஏழெட்டு கம்பெனிகள் ஒத்துக்கொண்டுவிட்டன. கேரளாவிலிருந்து ரப்பர் எடுத்து வரும் வண்டிகள் ராத்திரி முழுக்க ஓடி விடியற்காலையில் வந்து சேரும். அந்த டிரைவர்களை வெயிலில் ரோட்டோரம் நிறுத்தி வைக்கவும் முடியாது. நிழலும் கழிப்பறையும் தண்ணீரும் உள்ள ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். நான்குவழிச் சாலையை ஒட்டி ஓர் இடம் வாடகைக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. வாடகையைக் கரண்ட் பில் கணக்கிலேயே பிரித்துக்கொள்வதா, வண்டி எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதா என்பதில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை. வண்டி எண்ணிக்கை என்பது என் கட்சி. அடுத்த கூட்டத்துக்கு டிரைவர்களில் இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறோம்.